காலைக் கடிக்காத ஜோடு

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் பிராக் நகரத்தில் இருக்கிறார்களாம். டிசம்பரில் பதினைந்து நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்களாம். அம்மாளுக்குச் சந்தேகங்கள் பல. கம்பளிக் கோட்டு முழங்கால் வரை வேண்டுமா, இடுப்போடு நின்றால் போதுமா? மாவடு கொண்டு போனால் விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக் கொள்வார்களா? அந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன். காலில் எதைப் போட்டுக் கொள்வது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி கூட இல்லை!

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நானும் அப்படித்தான் போனேன். என் நாத்தனாரும் அப்படித்தான் வந்தார். ஆகவே, இட்லி மாவு ஒரு வாரம் காத்திருக்கட்டும். இன்றைக்குக் காலைப் பற்றிப் பேசிவிடலாம்.

நம் ஊரில் நாம் எங்கே நடக்கிறோம், சொல்லுங்கள். வாசலில் ஆட்டோ, இறங்கினால் ஜவுளிக் கடை. கோயிலில் பிராகாரம் சுற்றுவதுதான் நடை, அதுவும் வெறுங்காலோடு. ஐரோப்பாவில் போய் இறங்கிய மறுநாளே நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறோம். யாரும் நம்மை நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தத் திருப்பத்தில் என்ன இருக்கிறது, இந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று நாமே போய்க் கொண்டிருப்போம்.

பிராக்கின் பழைய பகுதி கல் பாவிய ஊர். நடைபாதையில் இரண்டு அங்குலம்கூட இல்லாத சின்னச் சின்னச் சதுரக் கற்களை வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் கட்டிப் பதித்திருக்கிறார்கள். பார்த்தால் காஞ்சிபுரம் புடவையின் கட்டம் மாதிரி கண்ணைப் பறிக்கும். மழைத் தூறல் விழுந்துவிட்டால் அதுவே பழைய அம்மி மாதிரி வழுக்கும். வண்டி ஓடுகிற வீதியிலோ பெரிய பெரிய கருங்கற்கள், ஒவ்வொன்றுக்கும் தலை உருண்டை, இடையிலே சந்து. குதி உயர்ந்த செருப்பு அந்தச் சந்தில் ஒரு தரம் செருகிக் கொண்டால் போதும், கணுக்கால் திரும்பிவிடும்.

குளிர் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. டிசம்பர், ஜனவரியில் பூஜ்யம் டிகிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊசலாடும். ஆனால் அந்த ஊசலாட்டத்தில்தான் வினையே இருக்கிறது. பகலில் வெண்பனி உருகிக் கூழாகக் கிடக்கும். சாயந்திரம் அந்தக் கூழ் உறைந்து கண்ணாடியாகிவிடும். டிசம்பர் கடைசியில் நாலு மணிக்கே அஸ்தமனம் ஆகிவிடுகிற ஊர் அது. ஆகவே, கண்ணாடி எங்கே, கல் எங்கே என்று பார்த்து நடக்க வெளிச்சமும் இருக்காது.

இன்னொரு விஷயம் நின்றால்தான் தெரியும். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் ஆண்டிலே வைத்த வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணிக்கு மணி மேலே இரண்டு ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் பவனி வரும். அதைப் பார்க்கக் கூட்டம் பத்து நிமிஷம் முன்னதாகவே அண்ணாந்து கொண்டு நிற்கும். நடக்கிற வரையில் தெரியாத குளிர், நின்றவுடனே கல்லிலிருந்து அடித்தோல் வழியாக ஏற ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழியப் போய் வெறுங்காலோடு நின்றால் சூடு ஏறுகிறதல்லவா? அதே வித்தைதான், தலைகீழாக! மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் கீழே மெல்லிய அடித்தோல் இருந்தால் பல் கிட்டிவிடும்.

இனி என் நாத்தனார் கதைக்கு வருகிறேன்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. பதினாலு வருஷமாகச் சர்க்கரை வியாதி. புறப்படுவதற்கு முதல் நாள் சாயந்திரம் கடைக்குப் போய் ஒரு ஜோடு வாங்கி வந்தார். கறுப்பு, ஓரத்தில் வெல்வெட், பக்கத்தில் பொன் நிறக் கொக்கி, உள்ளே முயல்குட்டி மாதிரி ரோமம். முனை மட்டும் கிளி மூக்காகக் கூர்ந்திருந்தது. "பாருடி, வெண்ணெய் மாதிரி இருக்கு!" என்றார். "அக்கா, முன்னாலே கொஞ்சம் குறுகலாக இல்லையா?" என்று கேட்டேன். "போட்டால் விட்டுக் கொடுக்கும் என்று கடைக்காரன் சொன்னான்" என்றார். கடைக்காரர்கள் சொல்லும் அந்த வாக்கியத்தை நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். ஜோட்டின் அச்சு ஒரு நாளும் விட்டுக் கொடுக்காது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சார்லஸ் பாலத்தைக் கடந்தோம். 1357-ல் கட்ட ஆரம்பித்த பாலம். 516 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். ஒவ்வொரு சிலையிடமும் நின்று நின்று போனோம். பிறகு நெருதோவா வீதி வழியாகக் கோட்டைக்கு ஏறினோம். அந்த வீதி கொஞ்சம் செங்குத்து, கல் உருண்டை. கோட்டைக்குள்ளே போனால் அதுவே ஒரு சின்ன ஊர், 570 மீட்டர் நீளம். என் நாத்தனார் ஒரு இடத்திலும் முகத்தைச் சுளிக்கவில்லை. "எனக்குக் கால் வலிக்கவேயில்லை, உனக்குத்தான் வயசாகிவிட்டது" என்று என்னைக் கேலி வேறு செய்தார்.

ராத்திரி அறைக்கு வந்து ஸாக்ஸைக் கழற்றினார். வலது கால் சுண்டு விரலோடு ஒட்டிக் கொண்டு வரமாட்டேன் என்றது. வெந்நீரில் நனைத்துத் துணியைக் கொண்டு மெள்ள மெள்ள எடுத்தேன். கொப்புளம் உடைந்து ரத்தம் காய்ந்து, தோல் வழண்டு கிடந்தது. "ஐயோ அக்கா, இத்தனை நேரம் எப்படிப் பொறுத்துக் கொண்டீர்கள்?" என்று அலறினேன். அவர் என்னைவிடத் திகைத்துப் போயிருந்தார். "நிஜமாக வலிக்கவேயில்லையேடி!" என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சர்க்கரை வியாதி வெகு நாளாக இருப்பவர்களுக்குக் கால் நரம்புகளில் உணர்ச்சி மழுங்கிப் போவது உண்டு. வலி என்பது வீட்டு வாசலில் நிற்கிற காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் திருடன் வந்தது காலையில்தான் தெரியும். மறுநாள் பச்சைச் சிலுவை விளக்குப் போட்ட மருந்துக் கடைக்கு அழைத்துப் போனோம். அங்கே மருந்துக் கடைக்கு 'லேகார்னா' என்று பெயர். திருச்சிச் சகோதரி இந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்து கொள்வது நல்லது. கடையிலிருந்த பெண்மணி விரலைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்திரி கொடுக்க மறுத்து, நேரே டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, ஐந்து நாள் ஜோட்டுக்குள் காலை விடக் கூடாது என்றார். எங்கள் பிரயாணமே இன்னும் ஐந்து நாள்தான்! என் நாத்தனார் அந்த ஐந்து நாளும் ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொண்டு, போகிற வருகிற டிராம் வண்டிகளை எண்ணிக் கொண்டிருந்தார். ஊர் திரும்பிய பிறகும் புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. இன்னும் நாலு நாள் அசட்டையாக இருந்திருந்தால் விரலையே எடுக்கும்படி ஆகியிருக்கலாம் என்று இங்கே டாக்டர் சொன்னார்.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாங்களும் எடுத்திருந்தோம். ஆனால் முன்பே இருந்த வியாதி என்று பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டிக் கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் அந்தப் பொடி எழுத்தை, மூக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டாவது, பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

சரி, எப்படித்தான் வாங்குவது?

நம்முடைய கால் செருப்புக் கால். பிறந்தது முதல் வெறுங்காலும் செருப்புமாகவே வளர்ந்ததால் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். முன்பாதம் அகலம், குதி சின்னது. ஆகவே ஜோட்டின் நீளத்தைவிட அகலம்தான் நமக்கு முக்கியம். இதற்கு நான் ஒரு சுலபமான பரீட்சை வைத்திருக்கிறேன். சாயந்திர வேளையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஒரு காகிதத்தின் மேல் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் இழுக்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் ஒன்றுபோல இருப்பது அபூர்வம். அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய் ஜோட்டை அதன் மேல் வையுங்கள். கோடு எங்கேயாவது வெளியே எட்டிப் பார்த்தால், அந்த ஜோடு எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்து கொண்டு கோடு போட்டால் கணக்குத் தப்பும். பாரம் விழும்போதுதான் பாதம் தன் நிஜ அகலத்தைக் காட்டும்.

இன்னொன்று, கம்பளி ஸாக்ஸைக் கையோடு கொண்டு போய் அதைப் போட்டுக் கொண்டுதான் ஜோட்டை அளக்க வேண்டும். கட்டைவிரலுக்கு முன்னால் இன்னொரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நாம் இங்கே 5 என்று சொல்லுகிற அளவு ஐரோப்பாவில் ஏறக்குறைய 38. தடித்த ஸாக்ஸுக்காக அரை அளவோ ஒரு அளவோ கூட வாங்கலாம். குளிருக்கு நல்லது என்று இரண்டு ஸாக்ஸை இறுக்கமான ஜோட்டுக்குள் திணிப்பவர்கள் உண்டு. அது சுத்த அசட்டுத்தனம். விரல்கள் அசைய இடமில்லாமல் ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும். சூட்டைப் பிடித்து வைப்பது நடுவிலே தங்கும் காற்றுதான்.

அடிப்பாகம் ரப்பராக இருக்கட்டும். ஆழமான பள்ளங்கள் வெட்டியிருக்கட்டும். தோல் அடி கொண்ட ஜோடு கல்யாண மண்டபத்துக்கு லட்சணம், பனிக்கு ஆகாது. ரப்பரிலும் கெட்டி ரப்பர் குளிரில் மேலும் கெட்டியாகி வழுக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இசைந்து கொடுக்கிற ரப்பர் நல்லது. ஜோட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும். நடுவிலே அப்பளம் மாதிரி மடிந்தால் வேண்டாம். குதி ஒரு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், அகலமாக இருக்கட்டும். கணுக்கால் மூடுகிற உயரம் இருந்தால் பனிக்கூழ் உள்ளே புகாது; கல்லில் கால் பிரண்டாலும் ஒரு பிடிப்பு இருக்கும். தண்ணீர் புகாத ஜோடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். காற்றோட்டத்துக்காக வலைத்துணியால் தைத்த ஓட்டப் பயிற்சி ஜோடுகள் உலர்ந்த நாளுக்குச் சரி. பனிக்கூழில் மிதித்தால் அரை நிமிஷத்தில் விரல் நனைந்துவிடும்.

ரோமம் வைத்த பெரிய பூட்ஸ்? சைபீரியாவுக்குப் போகிறவர்கள் வாங்கிக் கொள்ளட்டும். பிராக்கில் டிராமுக்குள் ஏறினால் கதகதப்பு, கடைக்குள் போனால் கதகதப்பு, சுரங்க ரயிலிலும் அப்படியே. அந்தச் சூட்டில் ரோம பூட்ஸுக்குள் கால் வியர்த்துக் கொட்டும். வியர்த்த காலோடு வெளியே வந்தால் ஐந்தே நிமிஷத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆகும். பருத்தி ஸாக்ஸும் இதே காரணத்தால்தான் கூடாது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொண்டு தோலோடு தேய்த்துக் கொப்புளம் போடும். மெரினோ கம்பளி ஸாக்ஸ் நாலு ஜோடி வாங்குங்கள். விலை கொஞ்சம் உறுத்தும். கோட்டைப் பெண்ணிடம் இரவல் வாங்கிக் கொண்டாவது ஸாக்ஸைச் சொந்தமாக வாங்குங்கள் என்பேன்.

மெட்டி விஷயத்தை எந்தப் பிரயாணப் புஸ்தகமும் சொல்லாது, ஆகவே நான் சொல்கிறேன். தடித்த ஸாக்ஸும் மூடிய ஜோடும் போட்டு நாள் முழுவதும் நடந்தால் மெட்டி பக்கத்து விரலை அறுத்துவிடும்; விமானத்தில் கால் வீங்கினால் மெட்டியே விரலைப் பிடித்துக் கொள்ளும். கழற்ற மனம் வராதவர்கள் முத்தும் முடிச்சும் இல்லாத மெல்லிய வளையமாக, கொஞ்சம் தளர்வாகப் போட்டுக் கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்கள் கழற்றிக் கைப்பையில் வைத்துக் கொள்வதே மேல். என் நாத்தனார் இப்போது சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக் கொள்கிறார். அத்திம்பேர் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை!

புடவைதான் கட்டுவேன் என்கிறவர்கள் தாராளமாகக் கட்டுங்கள். உள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே புடவை, கணுக்காலுக்கு ஒரு சாண் உயர்த்திக் கட்டி, கீழே பூட்ஸ். பழைய போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். தெருவிலே தூவுகிற உப்பு, புடவைக் கரையில் வெள்ளைக் கோலம் போட்டுவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல். விரல் பிரித்த ஸாக்ஸைப் போட்டு அதன் மேல் ஹவாய்ச் செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்புகிற மாமிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுக்க என்னால் ஆகாது.

ஜோட்டை வாங்கியவுடன் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே வாங்கி, தினம் ஒரு மணி நேரம் போட்டுக் கொண்டு நடந்து பழக வேண்டும். நான் கம்பளி ஸாக்ஸும் பூட்ஸுமாக நவம்பர் மாதத்தில் கடற்கரையில் நடந்தபோது சுண்டல் விற்கிற பையன் பின்னாலேயே வந்து பார்த்தான். எங்கே உராய்கிறது, எங்கே அழுத்துகிறது என்பது சொந்த ஊரில் தெரிந்தால் மாற்றிக் கொள்ளலாம். நெருதோவா வீதி நடுவில் தெரிந்தால் என்ன செய்வது? விமானத்தில் அந்தக் கனமான ஜோட்டையே போட்டுக் கொண்டு ஏறுங்கள், பெட்டியில் எடை மிச்சம். உட்கார்ந்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். பரிசோதனையில் கழற்றச் சொன்னால் பக்கத்தில் ஜிப் வைத்த ஜோடு உடனே கழன்று வரும். குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பிராக்குக்குப் போகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு செய்தி உண்டு. நாம் பள்ளிக்கூட நாளிலிருந்து போட்ட பாட்டா ஜோடு நம் ஊர்க் கம்பெனி என்றுதானே நினைத்துக் கொண்டிருந்தோம்? அது அந்தத் தேசத்துச் சரக்கு! 1894-ல் ஸ்லீன் என்ற சின்ன ஊரில் தாமஸ் பாட்டா என்பவர் தம் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து ஆரம்பித்த தொழில். கையில் பணம் இல்லாமல் தோல் வாங்க முடியாமல் போனபோது கான்வாஸ் துணியில் ஜோடு தைத்துப் பிழைத்துக் கொண்டாராம். நம் கல்கத்தாப் பக்கத்துப் பாட்டா நகர் 1934-ல் எழுந்தது. பிராக்கின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் பாட்டாவுக்காக 1929-ல் கண்ணாடி முகப்போடு கட்டிய கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் அதன் எதிரில் நின்று கொண்டு, ஏழாம் வகுப்பில் தொலைத்த ஒற்றை ஜோட்டின் கதையை முழுவதும் சொல்லி முடித்தார். அன்றைக்கும் குளிர் அடித்தோல் வழியாக ஏறியது!

செக் தேசத்தார் நம்மைப் போலவே வீட்டுக்குள் ஜோடு போட்டுக் கொண்டு போக மாட்டார்கள். விருந்தாளிக்கு வாசலிலேயே வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுப்பார்கள். திருச்சிச் சகோதரி பெண்ணின் சிநேகிதர்கள் வீட்டுக்குப் போனால் ஜோட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஸாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக் கொள்ளவும். கோட்டைக்குப் போக என்னைப் போல ஏற வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் போனால் கோட்டைக்குப் பின்புறம் மேலேயே இறக்கிவிடும். பார்த்துவிட்டு இறங்கி வரலாம்; இறக்கத்தில் மட்டும் சின்ன அடியாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வாத்து மாதிரி வாருங்கள். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக் கொள்ளாதீர்கள். விழுந்தால் ஊன்றக் கை வேண்டாமா?

நனைந்த ஜோட்டுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். வெந்நீர்க் குழாய் ஓடும் கணப்பின் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். அதே கணப்பில் சர்க்கரை உள்ளவர்கள் காலையும் வைக்கக் கூடாது, சுடுவது தெரியாது. ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் உள்ளங்கால் வரை, கண்ணாடி வைத்தாவது பார்த்துவிட வேண்டும். காலையில் ஜோட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைக்க வேண்டும். பித்த வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டு போனீர்களானால் அது வழியிலேயே கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, இரவல். "பக்கத்து வீட்டில் அமெரிக்கா போய் வந்த பூட்ஸ் பரணில் இருக்கிறது, எதற்கு வீண் செலவு?" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அப்படியே வாங்கி மாட்டிக் கொண்டார். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்த குழந்தை, "மாமா, உங்கள் ஜோடு உதிர்கிறது!" என்றது. திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து எங்கள் கால் வரை கறுப்புத் தூள். பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிப்பாகம், சென்னைப் பட்டினத்து ஈரக் காற்றில் போடாமல் வருஷக் கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, நடக்க ஆரம்பித்தவுடன் ரஸ்க் மாதிரி நொறுங்கிவிடும். பிறகு அங்கேயே ஒரு கடையில் இரண்டு மடங்கு விலை கொடுத்து வேறு வாங்கினோம்.

என் நாத்தனார் மறுபடியும் கிளம்புகிறார். இந்தத் தரம் ஜனவரியில், வியன்னாவுக்கு. போன வாரம் காகிதத்தில் பென்சில் கோடு இழுத்துக் கொண்டு வந்து, "கடைக்கு நீயும் வா" என்றார். ஏழு ஜோடு பார்த்தோம். ஆறில் கோடு வெளியே எட்டிப் பார்த்தது. ஏழாவது பழுப்பு நிறம், முனை உருண்டை, வெல்வெட்டும் இல்லை, கொக்கியும் இல்லை. "தபால்காரன் போடுகிற மாதிரி இருக்கேடி" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து கம்பளி ஸாக்ஸை எடுத்தார்.